ஒத்துக்காத ஊசி

எனக்கு வாட்ச் ஒத்துக்காது. கல்யாணத்துக்கு என் மாமனார் ஈப்போவில் வாங்கி மாட்டிவிட்ட வாட்ச். கட்டி இரண்டு நாள் பேசாமல் இருக்கும். அப்புறம் பின்பக்கத் தகடு பட்ட இடம் மட்டும் வட்டமாகச் சிவந்து, தடித்து, நீர் கோத்து, அரித்துக் கொல்லும். கழற்றினால் ஆறும். மறுபடி கட்டினால் மறுபடி வரும். "மாமனார் வீட்டுச் சாமான் ஒனக்கு ஒத்துக்கலடா" என்று அம்மா எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிப்பாள். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வாட்ச் தகரப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது.

அம்மாவுக்கு அந்தச் சொல் தாராளமாக வரும். அவளுக்குக் கத்திரிக்காய் ஒத்துக்காது, பக்கத்து வீட்டுக்காரிக்குச் சிரித்த முகம் ஒத்துக்காது, தோட்டத்துத் துரைக்கு எங்கள் ஊர் மழை ஒத்துக்காது. ஒரே ஒரு விஷயத்தில்தான் அந்தச் சொல் அவள் வாயை விட்டு வெளியே வரவில்லை. அதனால் என் மனைவியின் உயிர் பல வருஷம் ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

மலாய் நாட்டு மலையில், ரிங்லெட்டுக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில், நாங்கள் மூன்று பேர். எனக்கு ஃபேக்டரியில் கொழுந்து அரைக்கும் மெஷின் வேலை. அம்மாவும் மனைவியும் ஒரே நிரையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று கொழுந்து எடுப்பார்கள். மாமியார் மருமகள் சண்டையைப் பார்க்கலாம் என்று காத்திருந்த லயத்துச் சனங்களுக்கு ஏமாற்றம்தான். கல்யாணமான புதிதிலேயே எனக்கு வராத மீன் தலை அவள் தட்டில் இருக்கும். மழையில் நனைந்து வந்தால் அம்மா முதலில் அவள் தலையைத்தான் துவட்டுவாள். நான் ஈரத்தோடு அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருப்பேன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததைக் கேட்டு அம்மாவைக் கொடுமைக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கொடுமைக்காரியாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், செடிகளைக் குட்டையாகக் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் காட்டில் கூரான குச்சி ஒன்று மனைவியின் பாதத்தில் ஏறிவிட்டது. சீழ் வைத்துக் கால் வீங்கியது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக மருந்து கொடுக்கும் டிரெசர் சீழை எடுத்துவிட்டுச் சில நாள் தொடர்ந்து பென்சிலின் ஊசி போட்டார். கால் வற்றியது. வேலைக்கும் போய்விட்டாள். ஒரு வாரம் போல ஆகியிருக்கும். காய்ச்சலோடு காட்டிலிருந்து திரும்பினாள். கழுத்து, வயிறு, தொடை எங்கும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. முழங்கால் இரண்டும் உருண்டையாக வீங்கிவிட்டன. மணிக்கட்டை மடக்க முடியவில்லை.

அம்மா விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்திருக்காடா."

"கொப்புளமே இல்லையேம்மா. தடிப்பாத்தான இருக்கு?"

"வாய மூடு. அவ எந்த ரூபத்துல வேணும்னாலும் வருவா. ஒன்னக் கேட்டுக்கிட்டா வரணும்?"

அம்மை என்று அம்மா முடிவு கட்டினால் அப்பீல் கிடையாது. எங்களிடத்தில் அதை நோய் என்று சொல்லக் கூடாது. வீட்டுக்கு வந்திருக்கும் தாய் அவள். மருந்து கொடுத்தால் அவளை விரட்டுகிறோம் என்று அர்த்தம். அடுப்பில் தாளிப்பு நின்றது. வெளியாள் வரவு நின்றது. எங்கள் குளிருக்கு வேப்பமரம் வளராது. காய்கறி லாரிக்காரரிடம் கெஞ்சி மலையடிவாரத் தாப்பாவிலிருந்து வேப்பிலை வரவழைத்து, வாசலில் கட்டி, படுக்கையிலும் பரப்பினாள். மனைவி அரிப்பில் துடித்தபோது வேப்பங்கொத்தால் தடவிக்கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள். "தாயே, சின்னப்புள்ள, எறங்கிப் போம்மா" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

தடிப்பு இறங்கியது. மூட்டு வீக்கமும் இறங்கியது. மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் எங்கள் வீட்டுக் கூழ் உண்டு. "எங்க வீட்டுக்கு ஆத்தா வந்துட்டுப் போனவ" என்று மருமகளைக் காட்டிச் சொல்வதில் அம்மாவுக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையில் நானும் குளிர் காய்ந்தேன், பொய் சொல்வானேன்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் மனைவிக்குத் தொண்டையில் சீழ் வைத்துக்கொண்டது. எச்சில் விழுங்க முடியவில்லை. மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். பழைய டிரெசர் மாறிப் போய்ப் புது ஆள் வந்திருந்தார். கவனமான மனுஷன். ஊசியை எடுப்பதற்கு முன்னால் கேட்டார்.

"இதுக்கு முன்ன ஏதும் மருந்து, ஊசி ஒத்துக்காமப் போயிருக்கா?"

"என் மருமவளுக்கு எல்லாம் ஒத்துக்கும் ஐயா" என்றாள் அம்மா. மனைவியும் ஆமாம் என்று தலையாட்டினாள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆத்தா வந்ததற்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம்? கோயில் விஷயத்தை யாராவது டிரெசரிடம் போய்ச் சொல்வார்களா?

ஊசி போட்டுவிட்டு அவர் பஞ்சைக் குப்பையில் போடக்கூட இல்லை. "உள்ளங்கை அரிக்குதுங்க" என்றாள் மனைவி என்னிடம். சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு காது சிவந்தது. உதடு என் கண் முன்னாலேயே வீங்கியது. இருமினாள். இருமல் நாய் குரைப்பது போல வந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், குரல் இல்லை. என் சட்டையைப் பிடித்த கை அப்படியே வழுக்கிக்கொண்டு கீழே போனது. பெஞ்சிலிருந்து அவள் சரிந்தபோது நான் தாங்கிப் பிடித்தேன். உடம்பு ஜில்லென்று, வேர்த்து, துணி மாதிரி தொங்கியது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. டிரெசர் அலமாரியைத் திறந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்தார். அது கை தவறிக் கீழே விழுந்து நொறுங்கியது. இன்னொன்றை உடைத்து மருந்தை ஏற்றி அவள் தொடையில் குத்தினார். காலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். அவள் மார்பு ஏறவில்லை. அவளுக்குப் பதிலாக நான் மூச்சு விட முடியாதா என்று இருந்தது. அப்புறம் கீச்சென்று ஒரு சத்தம், கதவிடுக்கில் காற்று நுழைவது போல. மூச்சு. டிரெசர் இன்னொரு தடவை குத்தினார். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, துரையின் லேண்ட்ரோவரை வரவழைத்தார். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் வளைவுக்கு வளைவு அவள் மூக்கின் முன் கை வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

பிழைத்துவிட்டாள். வார்டில் இருந்த டாக்டர் இளைஞர், நம்மவர், வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர். நிதானமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் விசாரித்தார். காலில் குச்சி ஏறியது, ஊசி, காய்ச்சல், தடிப்பு, மூட்டு வீக்கம் என்று ஒவ்வொன்றாக வாங்கினார். பிறகு சொன்னார்.

"அது அம்மை இல்லைங்க. அன்னிக்கே பென்சிலின் ஒத்துக்கல. இது ரெண்டாவது தடவ."

எனக்குப் புரியும்படி அவர் பாடுபட்டு விளக்கினார். நான் என் வசதிக்குத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கங்காணி போல ஒருவனை வைத்துப் புரிந்துகொண்டேன். உடம்புக்குள்ளே ஒரு கங்காணி இருக்கிறான். வெளியாள் யார் வந்தாலும் பிடித்து விரட்டுவது அவன் வேலை. கிருமி வந்தால் நல்லது செய்கிறான். சில பேருடைய கங்காணிக்குப் புத்தி பிசகிவிடும். உதவிக்கு வந்த மருந்தையே திருடன் என்று நினைப்பான். முதல் தடவை முகத்தை அடையாளம் வைத்துக்கொள்ளத்தான் அவனுக்கு நேரம் சரியாக இருக்கும். ஒரு வாரம் கழித்து அடிக்க ஆரம்பிப்பான். அவனும் மருந்தும் கட்டிப் புரண்டு, கட்டி கட்டியாக ரத்தத்தில் ஓடி, மூட்டிலும் தோலிலும் போய்த் தங்கும். அதுதான் எங்கள் வீட்டு ஆத்தா. அடுத்த தடவை அவன் கம்போடு வாசலிலேயே நிற்பான். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அடி. அந்த அடி மருந்துக்கு மட்டும் விழாது. மூச்சுக்குழல், ரத்த ஓட்டம் என்று வீடு முழுவதையும் நொறுக்கிவிடுவான்.

"ஒரே மாதிரி எல்லாருக்கும் வராது" என்றார் டாக்டர். என் மணிக்கட்டில் இருந்த பழைய கறுப்புத் தழும்பைப் பார்த்துவிட்டு, "இதுவும் அந்தக் குடும்பந்தான். உலோகம் ஒத்துக்கல. இது மெதுவா, ரெண்டு நாள் கழிச்சு வர்றது. இது அரிக்கும், ஆளக் கொல்லாது. தப்பான ரத்தம் ஏத்தினா ரத்தத்தையே அடிச்சு ஒடைக்கிற வகை ஒன்னு இருக்கு. அது உங்களுக்கு வேணாம், இருக்கிறதே போதும்" என்றார்.

சிரிக்க முயன்றேன். வரவில்லை.

"மூணாவது தடவ போட்டா?" என்று கேட்டேன்.

அவர் ஒரு கார்டை எடுத்துக்கொண்டார். "போடக் கூடாது. கார்டு எழுதித் தர்றேன். கார்ட நம்பாதீங்க. உங்க மனைவி மயக்கத்துல இருந்தா யார் சொல்வாங்க? கூட இருக்கிறவங்களுக்குச் சொல்லத் தெரியணும். வீட்டுல எல்லாருக்கும் சொல்லிக் குடுங்க."

கூட இருக்கிறவர் யார்? நான் ஃபேக்டரியில், மெஷின் சத்தத்துக்குள்ளே. அவளோ மலை மேலே, சரிவில், மழையில், கத்திக்கும் கட்டைக்கும் பாம்புக்கும் நடுவில். பக்கத்தில் இருப்பவள் அம்மா. கார்டு வாட்சோடு தகரப் பெட்டியில் இருக்கும். இடுப்பில் நனையாமல் படங்குத் துணி கட்டி மழையில் கொழுந்து எடுப்பவள் கார்டை எங்கே வைத்துக்கொள்வாள்?

அன்று மாலையே அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் எழுந்து போய்விட்டாள். மறுநாள் சொன்னேன். அதற்கும் மறுநாள் சொன்னேன்.

"இந்த ஊசி கெடுத்துருச்சு. செரி. டிரெசரு தப்பான மருந்தக் குத்திட்டான். அன்னிக்கு வந்தது ஆத்தாதான்."

"ரெண்டும் ஒரே மருந்தும்மா!"

"நான் ராவும் பகலும் கூட இருந்தேன். வேண்டி எறக்கி வச்சேன். ஒன் டாக்டரு இருந்தானா?"

"யாராச்சும் கேட்டா என்ன சொல்வ? சொல்லு பாப்போம். பென்சிலின் ஒத்துக்காது, ரெண்டு தடவ ஆயிருச்சுன்னு சொல்லு."

"என் வாயால ஆத்தாவப் பொய்யாக்கச் சொல்றியா? அவ கோவிச்சுக்கிட்டா இந்தப் புள்ளைக்குத்தான்டா கேடு."

அங்கேதான் சிக்கல். அவள் சொல்ல மறுத்ததும் மருமகளைக் காப்பாற்றத்தான். நான் சொல்லச் சொன்னதும் அதற்குத்தான். மனைவியின் உடம்பு மருந்தை ஒத்துக்கொள்ளவில்லை, அம்மா டாக்டரை ஒத்துக்கொள்ளவில்லை, நான் அம்மாவை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே கூரைக்குக் கீழே மூன்று ஒவ்வாமை. இரண்டு வருஷம் நான் கத்தினேன், கெஞ்சினேன், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். வேறு தோட்டம் போய்விடலாம் என்றுகூட மனைவியிடம் சொன்னேன். "அத்தைய விட்டுட்டு எங்க போறது? விடுங்க. எனக்கு ஒன்னும் ஆகாதுலா" என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் சரிந்ததை அவள் பார்க்கவில்லை. நான்தானே பார்த்தேன். தினமும் காலையில் இருவரும் கூடையை மாட்டிக்கொண்டு போகும்போது வாசலில் நின்று "பென்சிலின்" என்று கத்துவேன், போய் வா என்பதற்குப் பதிலாக. அம்மா திரும்பிப் பார்க்காமல் போவாள். லயத்துப் பிள்ளைகள் எனக்கு அதையே பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள்.

அந்த நாள் வந்தது. இரண்டு நாள் மழைக்குப் பிறகு வழுக்கலான சரிவில் மனைவி உருண்டுவிட்டாள். கவ்வாத்துக் கட்டை தொடையைக் கிழித்து, தலை பாறையில் மோதி, பேச்சு மூச்சில்லை. அம்மாவும் அவளும் லேண்ட்ரோவரில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயாகிவிட்டது. இதைத் தோட்டத்துக் கங்காணி மெஷின் பக்கத்தில் வந்து என் காதில் கத்தினார். "அம்மா கூடத்தான் இருக்காங்க, பயப்படாத" என்றார். அம்மா கூட இருப்பதுதான் என் பயம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

ஃபேக்டரிப் பொறுப்பாளர் டீமேக்கரின் மோட்டார் சைக்கிளைக் கேட்காமலே எடுத்தேன். ரிங்லெட்டைத் தாண்டியதும் முன்னால் ஒரு லாரி, கம்போங் ராஜா காய்கறித் தோட்டங்களுக்குக் கோழிச் சாணி ஏற்றிக்கொண்டு ஊர்ந்தது. ஒவ்வொரு வளைவிலும் முந்தப் பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் எதிரே பஸ்ஸோ கெரேத்தாவோ வந்தது. ஹாரனை அடித்தேன். அழுதேன். மெஷினை நிறுத்துவது போல் இந்த மலையை நிறுத்த முடியாதா என்று வாய்விட்டுக் கேட்டேன். கிழிந்த தொடை, சேறு, கவ்வாத்துக் கட்டை. எந்த நர்ஸாக இருந்தாலும் முதலில் கையில் எடுப்பது அந்த ஊசிதான். எடுத்துவிட்டு, கூட இருக்கும் கிழவியிடம் கேட்பாள். கிழவி, எல்லாம் ஒத்துக்கும் என்பாள். அவர்கள் போய் எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கக் கையைத் திருப்பினேன். வெறும் கை. எனக்குத்தான் வாட்ச் ஒத்துக்காதே. வெறிபிடித்தவன் போல் அந்த வெறும் கையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் மோட்டாரைச் சாய்த்துப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். நீளமான நடை. கடைசி அறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. கோழிக்காரனிடமும் துணிக்காரனிடமும் பேரம் பேசும் அந்த ஓட்டை மலாய். ஆனால் அலறல்.

"ஜாங்ஙான் சுச்சோக், மிஸ்ஸி! ஜாங்ஙான்! பென்சிலின் தா போலே! மாத்தி!"

ஊசி போடாதே நர்ஸம்மா, பென்சிலின் கூடாது, செத்துப்போவாள் என்கிறாள். என் கால் நின்றுவிட்டது.

கதவிடுக்கில் பார்த்தேன். மலாய் நர்ஸ் ஒருத்தி ஊசியோடு நிற்கிறாள். கொழுந்துக் கறை படிந்த இரண்டு கையாலும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அம்மா தொங்குகிறாள். நர்ஸ் பயந்து போயிருந்தாள். ஆனால் நல்ல பெண். கையை உதறவில்லை. யார் சொன்னது, டாக்டரா என்று மலாயில் கேட்டாள்.

"சாயா தெங்கோக்" என்றாள் அம்மா, நான் பார்த்தேன் என்று. "சாயா செண்டிரி தெங்கோக்." நானே பார்த்தேன்.

எத்தனை தடவை ஆனது என்று நர்ஸ் கேட்டாள்.

அம்மா வாயைத் திறந்தாள். மூடினாள். கட்டிலில் கண் மூடிக் கிடந்த மருமகளைப் பார்த்தாள். ஆத்தா வந்தாள் என்பதை மலாயில் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியாது. அதற்கு அந்தப் பாஷையில் அவளிடம் சொல் இல்லை. இருந்ததெல்லாம் ஊசியும் சாவும் எண்ணிக்கையும்தான். ஒரு தடவை என்று சொன்னாலும் போதும், நர்ஸ் நிறுத்தியிருப்பாள். அதுவும் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

"டுவா காலி" என்றாள். இரண்டு தடவை.

நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். வேறு மருந்து கொடுத்தார்கள். தையல் போட்டார்கள். மனைவி சாயங்காலம் கண் திறந்து, தண்ணீர் கேட்டாள்.

அதெல்லாம் பிறகு. அந்த நேரத்தில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடையில் நின்றிருந்தேன். அம்மா வெளியே வந்தாள். சேலையெல்லாம் சேறும் ரத்தமும். என்னைப் பார்த்தும் பார்க்காதவள் போலப் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டாள். நான் அவள் காலடியில் உட்காரப் போனேன். கையால் தள்ளினாள்.

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ உள்ள போ, அவ தனியா இருக்கா" என்றாள்.